இரண்டு லோடு மண்

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை 6.40. கொல்லைக் கதவைத் திறந்தால் பின்னால் வயலில் நாலு பேர் கல் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளை பெயின்ட் அடித்து, தலையில் மட்டும் சிவப்பு தீட்டிய கல். என்னப்பா என்று கேட்டேன். "பிளாட் போடப் போறாங்கம்மா" என்றான் ஒருவன். ஒன்பது ஏக்கர், நூற்று நாற்பது மனையாம்.

நேரம் போட்டு எழுதுவது பழைய பழக்கம். தொலைபேசி நிலையத்தில் இருபத்தொன்பது வருடம் ஆபரேட்டராக இருந்தவளுக்கு, நேரம் குறிக்காத எதுவும் நடந்ததாகவே தோன்றாது.

மாலை 5.30. தெருவின் பதினோரு வீட்டுக்காரர்களும் செபாஸ்டியன் சார் வீட்டு போர்ட்டிகோவில் கூடினோம். சார் ரிட்டயர்ட் டிரில் மாஸ்டர், எங்கள் நலச்சங்கத் தலைவர். இன்னும் வாயில் விசில் இருப்பது போலத்தான் பேசுவார். "நாலடி மண்ணு அடிச்சி மேடாக்கிட்டுத்தான் மனை விப்பாங்க. அப்புறம் நாம இருக்கறதுதான் பள்ளம். மழைத் தண்ணி எங்க போவும்?" என்றார். பத்து வருடத்துக்கு முன் அந்தப் பெருமழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றதும், அந்த வயல்தான் ஒரே நாளில் அதைக் குடித்துத் தீர்த்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து டேப் எடுத்து என் வீட்டுக்காரர் கட்டிலை அளந்தேன். தரையிலிருந்து மெத்தை வரை இருபத்தோரு அங்குலம். அவருக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. வலது பக்கம் வராது. எண்பத்து மூன்று கிலோ. சக்கர நாற்காலிக்கு மாற்ற நானும் பகல் நேர ஆயா மேரியும் போதும், கட்டிலோடு தூக்க நாலு ஆள் வேண்டும். எங்கள் மாடிப்படி ஒரு ஆள் ஏறும் அகலம். எனக்குப் பயமாக இருக்கிறது. அதை யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

குறைதீர் நாள். கலெக்டர் ஆபீஸில் மூன்று மணி நேர வரிசை. மனுவை எழுதியது நான், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என் தலையில் கட்டினார்கள். "பதினோரு குடும்பங்களின் உயிருக்கும் உடைமைக்கும்" என்று எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. ரசீது கொடுத்தார்கள். அதைச் சார் லேமினேட் செய்யப் போகிறாராம்.

நான் வரும்வரை பக்கத்து வீட்டு இந்துமதி அவருக்குக் கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். மேரிக்கு இன்று லீவு. இந்துமதி பேசியே ஆளைக் கொன்றுவிடுவாள், ஆனால் கைராசிக்காரி. என்னிடம் துப்புகிற கஞ்சியை அவள் கையால் கொடுத்தால் குடிக்கிறார்.

ஆகஸ்ட் 30, சனி

ஓசூரிலிருந்து மகள் போன். "ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கம்மா" என்கிறாள். அவள் இருப்பது இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சொன்னேன். பேச்சு அவள் சம்பள உயர்வுக்குப் போய்விட்டது.

செப்டம்பர் 3, புதன்

டிப்பர் வர ஆரம்பித்துவிட்டது. இன்று 14.

செப்டம்பர் 9, செவ்வாய்

டிப்பர் 31. ஜன்னலுக்கு ஈரப் போர்வை கட்டியும் அவருக்கு இருமல். வயலின் மேல் மண் பரவப் பரவ, சமையலறையிலிருந்து தெரியும் வானம் கீழிருந்து குறைகிறது. டிப்பர் ஓட்டுபவரின் இடுப்பு இப்போது என் ஜன்னல் உயரத்தில் இருக்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

இந்துமதி வீட்டுப் பின்பக்கம் புது மண் குவிந்திருக்கிறது. கேட்டேன்.

"டிப்பர்காரங்கதான் கொட்டினாங்க மேடம். சும்மாதான். நாளைக்கி அந்தப் பக்கம் மேடாயிட்டா தண்ணி நம்ம கொல்லைக்குள்ளதான எறங்கும்? நாமளும் கொஞ்சம் மேடாக்கிக்க வேணாமா?"

"நாம மனு குடுத்திருக்கோம் இந்து."

"மனு மனுவா இருக்கட்டும். மண்ணு மண்ணா இருக்கட்டும்."

எங்கள் பின்சுவர்களுக்கும் வயலுக்கும் நடுவில் மூன்றடி அகலத்தில் ஒரு வடிகால் வாய்க்கால் ஓடுகிறது. முதல் வீட்டில் ஆரம்பித்து வரிசையாகப் பத்து வீட்டையும் கடந்து, கடைசி வீடான எங்கள் கொல்லையைத் தாண்டி மெயின் ரோட்டுக் குழாயில் போய் விழும். ஓடுகிறது என்று எழுதிவிட்டேன். வருடத்தில் பதினோரு மாதம் காய்ந்து கிடக்கும், அதில் எல்லோரும் காய்கறித் தோல் போடுவோம். இந்துமதி போட்டிருக்கும் மண் அந்த வாய்க்காலில்தான் இருக்கிறது. சொன்னால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வாள். எனக்கு அவள் வேண்டும்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஐந்தாம் வீடு, ஏழாம் வீடு, செபாஸ்டியன் சார் வீடு. எல்லார் கொல்லையிலும் மண். சார் பின்பக்கம் ஷெட் போட்டுப் பழைய காரை நிறுத்தப் போகிறாராம். மனுவில் முதல் கையெழுத்து இவருடையது. படித்தவர்கள் செய்கிற காரியத்தைப் பார்த்தால் சிரிப்பதா என்ன என்று தெரியவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

குறிக்க ஒன்றுமில்லை.

செப்டம்பர் 24, புதன்

டிப்பர் ஓட்டும் முத்தையன் நல்ல மனிதர். வெயிலில் தண்ணீர் கேட்டார், மோர் கொடுத்தேன். அவராகத்தான் மிச்ச மண்ணை எங்கே கொட்டுவது என்று கேட்டார். நான் கதவைத் திறந்து இடத்தைக் காட்டினேன், அவ்வளவுதான். இரண்டு லோடு. எல்லோரும் மேடாகும்போது நாங்கள் மட்டும் பள்ளத்தில் கிடந்தால், தண்ணீர் முதலில் யார் கட்டிலுக்கு வரும்?

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சக்கர நாற்காலிக்கும் சந்தனம், குங்குமம், பொட்டு.

இன்று நடந்ததை விவரமாக எழுதவேண்டும். கொல்லைப் படி இரண்டடி ஆழம் என்பதால் இந்த மூன்று வருடமும் அவரைப் பின்பக்கம் கொண்டுபோக முடியவில்லை. முன்பக்கம் தெரு, அங்கே உட்கார வெட்கப்படுவார். இப்போது கதவை ஒட்டி மண் சமமாகிவிட்டது. பின்சுவரில் எட்டடி இடித்துவிட்டதால் நாற்காலி திரும்பவும் இடம் கிடைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சும்மாதானே கிடந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டு மேலே சிமென்ட் தளமும் போட்டுவிட்டேன்.

காலை 8.15. நாற்காலியைத் தள்ளினேன். வாசல்படி தட்டவே இல்லை. வெயில் முழங்காலில் விழுந்ததும் அவர் இடது கையை அதில் வைத்துப் பார்த்தார். பிறகு முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மைனா வந்தது. மேலுதடு ஒரு பக்கமாகக் கோணியது, அதுதான் இப்போது அவர் சிரிப்பு. நான் உள்ளே போய் அடுப்பைப் பார்ப்பது போல நின்று அழுதேன். 9.50 வரை உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் 14, செவ்வாய்

முதல் மழை. பிற்பகல் 2.10 முதல் 4 மணி வரை, அவ்வளவுதான். தெருவில் கணுக்கால் தண்ணீர். முன்பெல்லாம் அரை மணியில் வடிந்துவிடும். படுக்கப் போகும்வரை நிற்கிறது.

அக்டோபர் 15, புதன்

மதியம் 12.30க்குத்தான் தார் தெரிந்தது. செபாஸ்டியன் சார் பேன்ட்டை மடித்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? எல்லாம் அந்த பிளாட் பண்ற வேலை." ஆமாம் சார் என்றேன். இன்னொரு மனு எழுதச் சொன்னார். எழுதினேன். போன தடவை போல வார்த்தை வரவில்லை, பேனாவில் கோளாறு.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடியலிலிருந்து மழை. தண்ணீர் கேட்டுக்குள் இரண்டு படி ஏறி நின்றது. பட்டாசு வாங்கியவர்கள் அதை அட்டைப் பெட்டியோடு பரண் மேல் ஏற்றினார்கள். நான் ஒரு படிக்கு ஒரு கோடாகச் சாக்பீஸ் கிழித்து வைத்திருக்கிறேன். இன்னும் மூன்று படிதான் பாக்கி.

அக்டோபர் 29, புதன்

காலை 11.05. மனுவை விசாரிக்க வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) வந்தார். சின்ன வயது, ரப்பர் செருப்பு. தெருவே அவர் பின்னால் போனது. மனைப்பிரிவை ஒரு சுற்று நடந்துவிட்டு மெயின் ரோட்டு ஓரம் வந்து நின்றார்.

"இவங்க பாருங்க, புதுசா ரெண்டடி விட்டத்துல குழாய் போட்டிருக்காங்க. பழசை விடப் பெருசு. தண்ணி இதுல வந்து விழுந்தா ஒரு மணி நேரத்துல வடிஞ்சிடும். ஆனா குழாய் காஞ்சி கெடக்குது. உங்க தெரு வாய்க்கா எங்க?"

எல்லோரும் குழாயையே எட்டிப் பார்த்தார்கள்.

"பழைய படத்துல இருக்குதே. பதினோரு வீட்டுக்கும் பின்னால. எங்க அது?"

செபாஸ்டியன் சார் தன் செருப்பைப் பார்த்தார். இந்துமதியின் கணவர் ரவிச்சந்திரன் போன் வந்தது போல ஒதுங்கினார். அவர் போன் அடிக்கவே இல்லை, எனக்குத் தெரியாதா போன் அடிப்பது. ஆய்வாளர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, "கடைசி வீடு யாருது? வாய்க்கா வாயி அங்கதான இருக்கும்" என்றார்.

"என் வீடுதான் சார். எங்க கொல்லையில வாய்க்கா இருக்குது. செடி மறைச்சிக்கிட்டிருக்குது" என்றேன். செடியும் இருக்கத்தான் இருக்கிறது, தளத்தின் ஓரத்தில் மணத்தக்காளி வைத்திருக்கிறேன். சேறாக இருந்ததால் அவர் வந்து பார்க்கவில்லை. "அப்ப மேல இருக்கறவங்க அவங்கவங்க மண்ண எடுத்துடுங்க, நான் அறிக்கையில எதுவும் எழுதல" என்று போய்விட்டார்.



நவம்பர் 3, திங்கள்

சங்கக் கூட்டம். முதல் வீட்டுக்காரர் சொன்னார், கீழே இருப்பவர்கள் எடுத்தால்தான் மேலே எடுத்துப் பயன் உண்டு என்று. கீழே இருப்பவர்கள் சொன்னார்கள், மேலே எடுத்தால்தானே தண்ணீர் வரும் என்று. செபாஸ்டியன் சாரின் ஷெட்டில் கார் நிற்கிறது. இந்துமதி கறிவேப்பிலை வைத்து அது தளிர்விட்டிருக்கிறது. "மங்கை மேடம் வீட்டுல மட்டுந்தான் சுத்தமா இருக்குது, அவங்களப் பாத்து கத்துக்கணும்" என்று சார் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெருவில் நின்ற ஒவ்வொரு சொட்டும் என் தலையில் விடியும். தண்ணீர் வந்த அன்றைக்கு அவரைத் தூக்க நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரும் இந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள்.

அவர் இன்று காலை 8 முதல் 9.30 வரை தளத்தில் உட்கார்ந்திருந்தார்.

நவம்பர் 11, செவ்வாய்

கட்டில் காலுக்குச் செங்கல் வைத்தோம். ஒரு காலுக்கு மூன்று. மேரியும் நானும் ஜாக்கி வைத்துத் தூக்கினோம். இப்போது முப்பது அங்குலம்.

நவம்பர் 17, திங்கள்

காலை 5.30. நேற்று சாயங்காலம் பிடித்த மழை விடவில்லை.
7.00. ஒரு படி.
8.20. கோடு எல்லாம் மூழ்கிவிட்டது. மேரி பஸ் இல்லை என்று போன் செய்தாள்.
9.45. கரன்ட் போய்விட்டது. மோட்டாரில் ஓடும் அவர் காற்று மெத்தை இறங்கத் தொடங்கிவிட்டது.
10.10. ஹாலில் தண்ணீர்.

நவம்பர் 18, செவ்வாய்

இந்துமதி வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று தண்ணீர் ஹாலிலிருந்து அவர் அறைக்கு வந்தது. ஓடி வரவில்லை, நிதானமாக வந்தது, ஒவ்வொரு டைல்ஸாக. கட்டிலுக்கு அடியில் போய் செங்கலைச் சுற்றிக்கொண்டது. அவர் தலையைத் திருப்பி அதையே பார்த்தார். அவருக்கு எல்லாம் புரியும். பேச வராதே தவிர எல்லாம் புரியும். என் புடவையை இடது கையால் பிடித்தார், விடவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை.

கொல்லைக் கதவைத் திறந்தேன். தளத்துக்கு இந்தப் பக்கம் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அந்தப் பக்கம், புதுக் குழாயின் வாயில், ஒரு சொட்டு இல்லை. அதை நின்று பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, நேரம் பார்க்கவில்லை.

பிறகு தெருவுக்குப் போனேன். இடுப்புக்குச் சற்றுக் கீழே தண்ணீர். செபாஸ்டியன் சார், ரவிச்சந்திரன், இன்னும் நாலைந்து பேர் ஒரு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவரைத் தூக்க வாருங்கள் என்று கூப்பிடத்தான் போனேன். அதை மட்டும் சொல்லியிருந்தால் போதும், வந்திருப்பார்கள்.

"வாய்க்கா என் வீட்லதான் அடைச்சிருக்குது" என்றேன். "ரெண்டு லோடு மண்ணு போட்டு சிமென்டு போட்டிருக்கேன். ஆர்.ஐ. கிட்ட பொய் சொன்னேன். வந்து ஒடைங்க. இவர மேல தூக்குங்க. எத மொதல்ல செய்யணுமோ செய்யுங்க."

செபாஸ்டியன் சார் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வருமென்று காத்திருந்தேன். வந்தது கோபம் இல்லை. ஒரு நிம்மதி. அது என்ன நிம்மதி என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மூன்று பேர் வந்தார்கள், சாரையும் சேர்த்து. அவருக்கு எழுபது வயது. நாலாவது ஆளாக, மனைப்பிரிவில் தார்ப்பாய் அடியில் ஒதுங்கியிருந்த முத்தையன் இறங்கி வந்தார். என் வீட்டுக்காரரை மெத்தையோடு தூக்கி, இந்துமதி வீட்டு அகலப் படியில் ஏற்றினார்கள். அவர் கண்ணை மூடவே இல்லை. ரவிச்சந்திரன் "மாமா, தோ ஆச்சி, தோ ஆச்சி" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். இந்துமதி மேலே போர்வையோடு நின்றாள்.

பிறகு கடப்பாரை. முத்தையன் பாதி, நான் பாதி. தளம் நான் நினைத்ததைவிடச் சுலபமாக உடைந்தது, கொத்தனார் சிமென்டில் கை வைத்திருக்கிறான். நாற்காலி திரும்பும் இடம், மைனா வந்த இடம், எல்லாம் கட்டி கட்டியாகத் தண்ணீரில் விழுந்தது. வழி கிடைத்ததும் தண்ணீர் என் காலை வாரிவிட்டு ஓடியது. குழாயில் விழுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டதாம்.

அரை மணியில் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து இறங்கியது. அப்புறம் தெருவில் நாலு விரல் குறைந்தது. அதோடு நின்றுவிட்டது. மேலே பத்து வீட்டுத் தண்ணீர் என் வாய்க்கு வந்து சேர வழியில்லை.

நவம்பர் 21, வெள்ளி

தண்ணீர் மூன்று நாள் நின்று நேற்றுத்தான் வடிந்தது. வீட்டுக்கு வந்துவிட்டோம். சுவரில் கறுப்புக் கோடு. அவருக்கு மார்புச் சளி, டாக்டர் வந்து ஊசி போட்டார், இன்னொரு தடவை நனைந்தால் தாங்காது என்றார். அதை அவர் முன்னாலேயே சொன்னார்.

மாலை சங்கக் கூட்டம். செபாஸ்டியன் சார் மினிட் புத்தகத்தைப் படித்தார். "வெள்ளத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டு, பதினோராம் எண் வீட்டு அடைப்பு அகற்றப்பட்டது. பிரச்சினை தீர்ந்தது." எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கேட்டிருப்பேன். நடுத்தெருவில் சார் முகத்தில் பார்த்த நிம்மதி இதுதான்.

"மத்த வீட்டு மண்ணு சார்?" என்றேன்.

"அதான் வாயி தெறந்தாச்சே மேடம். பாத்துக்கலாம், பொங்கலுக்கு அப்புறம் ஆள் விட்டு மொத்தமா எடுத்துடலாம்."

வரும்போது அவர் ஷெட்டைப் பார்த்தேன். காரைத் துடைத்து வைத்திருக்கிறார்.

நவம்பர் 23, ஞாயிறு

வியாழக்கிழமையிலிருந்து மறுபடி கனமழை என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். டிவியை அணைத்தேன். அவர் கண் டிவியிலேயே நின்றது.

காலை 7.20. கடப்பாரையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு என் கொல்லை வழியாக இந்துமதி கொல்லைக்குப் போனேன். கேட்கவில்லை. கேட்டால் பொங்கலுக்கு அப்புறம் என்பாள். எங்களுக்கு இவ்வளவு செய்தவள் மண்ணில் கடப்பாரை இறக்க மனம் வரவில்லை, அறுபது வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா என்றும் இருந்தது. இறக்கினேன்.

நாலாவது குத்துக்கு அவள் வெளியே வந்தாள். நைட்டி மேல் துண்டு, கையில் பல் துலக்கும் பிரஷ்.

"யாரக் கேட்டு வெட்டுறீங்க?"

"யாரயும் கேக்கல."

"இது எங்க எடம் மேடம்."

"இது வாய்க்கா இந்து. ஒம்பாட்டுக்கு கத்து, போலீஸக் கூப்புடு. வியாழக்கெழம மழையாம். இன்னொரு தடவ நனைஞ்சா அவர் இருக்க மாட்டாரு."

அவர் இருக்க மாட்டார் என்று இதுவரை நான் எங்கும் சொன்னதில்லை, இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. இந்துமதி வாயில் நுரையோடு அப்படியே நின்றாள். பிறகு திரும்பி உள்ளே போனாள். கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. நான் அடுத்த குத்து குத்தினேன்.

கதவு மறுபடி திறந்தது. கையில் ஒரு பழைய பக்கெட்.

"அந்தக் கறிவேப்பிலைய மட்டும் வேரோட எடுத்துக்குறேன். அஞ்சு நிமிஷம் நில்லுங்க. அவரையும் எழுப்பி விடுறேன், ஞாயித்துக்கெழம டூட்டி இல்ல."

நின்றேன். அவள் மண்ணில் உட்கார்ந்து இரண்டு கையாலும் சுற்றித் தோண்டினாள்.

ரவிச்சந்திரன் வந்தார், மூன்று பேருமாக மதியத்துக்குள் பத்தாம் வீட்டை முடித்துவிட்டோம். ஒன்பதாம் வீடு பூட்டியிருக்கிறது, ஊருக்குப் போயிருக்கிறார்கள். சுவர் ஏறித்தான் குதிக்க வேண்டும். எட்டாம் வீடு செபாஸ்டியன் சாருடையது. அவர் மாடியில் நின்று நாங்கள் வெட்டுவதைப் பார்த்தார், இறங்கி வரவில்லை.

இன்னும் ஒன்பது வீடு. நடுவில் மூன்று நாள்.